ஓடைகள் எழுதிய கால அட்டவணை

ரெக்காங் பியோ பேருந்து நிலையத்தில் காலை ஆறு மணிக்கே கூட்டம் சேர்ந்துவிட்டது. இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிதிப் பள்ளத்தாக்கிலுள்ள காஸா ஊருக்குச் செல்லும் அரசுப் பேருந்து ஏழு மணிவாக்கில்தான் புறப்படும் என்றாலும், சுமை வைத்திருப்பவர்கள் முன்கூட்டியே வந்து இடம் பிடித்தாக வேண்டும். தக்காளிப் பெட்டிகள், காலிஃபிளவர் மூட்டைகள், சுருட்டிக் கட்டிய மெத்தை, பள்ளிக்கூடத்துக்கான நோட்டுப் புத்தகக் கட்டுகள் என எல்லாம் பின்பக்க ஏணி வழியாகக் கூரைக்கு ஏறிக்கொண்டிருந்தன. பச்சைப் பட்டை வைத்த கின்னௌரித் தொப்பி அணிந்த முதியவர் ஒருவர் டிரைவரின் சன்னலருகே நின்று, செய்தித்தாளில் மடித்து நூல் கட்டிய ஒரு சிறு பொட்டலத்தை அவர் கையில் கொடுத்து, யாரிடம் சேர்க்க வேண்டும் என்று இரண்டு முறை சொன்னார். உள்ளே இருந்தவை மருந்து மாத்திரைகள். டிரைவர் அதை வாங்கித் தன் இருக்கைக்குப் பின்னால் இருந்த தகரப் பெட்டியில் வைத்தார். அதற்கு ரசீது கிடையாது. பெறுபவரின் கைப்பேசி எண்ணைக்கூட எழுதிக்கொள்ளவில்லை. அந்தப் பொட்டலம் பிறகு எந்தெந்தக் கைகளுக்கு மாறியது என்பதைச் சொல்லாமல் இந்தப் பயணத்தைப் பற்றி என்னால் எழுத முடியாது.

நான் நாமக்கல் பக்கத்தைச் சேர்ந்தவள். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளைச் சிறு வயதிலிருந்தே அரசுப் பேருந்தில் ஏறி இறங்கிப் பழகியதாலோ என்னவோ, மலைப் பாதையென்றால் எனக்குப் பேருந்துதான் நினைவுக்கு வரும். ஸ்பிதிப் பள்ளத்தாக்குக்குப் போக வேண்டும் என்று முடிவெடுத்தபோது, தனிக் கார் ஏற்பாடு செய்து தருவதாகப் பலர் சொன்னார்கள். சிம்லாவில் தொடங்கி மனாலியில் முடியும் அந்த அறுநூறு கிலோமீட்டருக்கும் சற்று மேற்பட்ட தொலைவை, ஊர்க்காரர்கள் எதில் போகிறார்களோ அதில்தான் போவது என்று நான் உறுதியாக இருந்தேன். அதற்குச் செலவு மட்டும் காரணமில்லை. லாஹௌல்–ஸ்பிதி மாவட்டத்தின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பின்படி 31,564. சதுர கிலோமீட்டருக்கு இரண்டு பேர். அப்படிப்பட்ட இடத்தில் நாள்தோறும் ஒரு பேருந்து ஓடுகிறது என்றால், அது எப்படி ஓடுகிறது, யாருக்காக ஓடுகிறது என்பதைப் பார்க்கவேண்டும் என்ற ஆசை எனக்கு மலைகளைப் பார்க்கும் ஆசைக்குச் சற்றும் குறையாமல் இருந்தது.

புறப்படுவதற்கு முன் தீர்மானிக்க வேண்டியது எந்தத் திசையில் போவது என்பதுதான். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுத்துப் பேசமாட்டேன். மனாலி வழியாக நுழைந்தால், ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்திலிருந்து புறப்பட்டு, 4,500 மீட்டருக்கு மேலுள்ள குன்சும் கணவாயைக் கடந்து, அன்றிரவே 3,650 மீட்டரை ஒட்டிய காஸாவில் படுக்க வேண்டியிருக்கும். மெல்லிய காற்றுக்கு உடல் பழக அவகாசமே இருக்காது. 3,000 மீட்டருக்கு மேல் போனபின், இரவு தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது என்பது மலை மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் அளவு. சிம்லா வழியில் ஏறினால் இது கிட்டத்தட்டத் தானாகவே அமைந்துவிடுகிறது. ஏறத்தாழ 2,200 மீட்டரில் சிம்லா, 2,300 மீட்டரில் ரெக்காங் பியோ, அதற்கு மேலே 2,960 மீட்டரில் கல்பா, பிறகு 3,280 மீட்டரில் தாபோ, கடைசியில் காஸா எனப் படிப்படியாக உயர்கிறது. ஒவ்வொன்றிலும் ஓரிரு இரவு தங்கினேன். காஸாவில் நான் தங்கிய விடுதிக்கு மனாலியிலிருந்து ஒரே நாளில் வந்து சேர்ந்த இளைஞர்கள் மூவர், இரவெல்லாம் தலைவலியிலும் வாந்தியிலும் தவித்துவிட்டு மறுநாளே கீழே இறங்கினார்கள். பேருந்தின் மெதுவான வேகம்தான் எனக்கு மருந்தாக அமைந்தது என்று உறுதியாகச் சொல்வேன்.

டெல்லி வரை ரயில், அங்கிருந்து கால்கா, பிறகு 1903இல் ஓடத் தொடங்கிய 96 கிலோமீட்டர் சிறு ரயிலில் சிம்லா. அந்த ரயிலைப் பற்றி எழுதியவர்கள் நிறைய இருப்பதால் நான் தாண்டிச் செல்கிறேன்.

சிம்லாவிலிருந்து ரெக்காங் பியோ வரும் சாலை, 1850இல் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி காலத்தில் ஆங்கிலேயர் வெட்டத் தொடங்கிய இந்துஸ்தான்–திபெத் சாலையின் வழி வந்தது. ராம்பூர் வரை அது நாம் அறிந்த மலைச்சாலைகளைப் போலவே இருக்கிறது. ஜியோரியைத் தாண்டியதும் சட்லஜ் ஆறு குறுகி, பள்ளத்தாக்கின் இரு சுவர்களும் செங்குத்தாகிவிடுகின்றன. சாலை அமைக்க இடமே இல்லாத பகுதிகளில் பாறையைக் குடைந்திருக்கிறார்கள். மேலே பாறை, ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் திறந்த வெளி. கீழே நெடுந்தூரத்தில் சாம்பல் நிறத்தில் ஆறு. தரண்டா தேவி கோயில் வரும்போது டிரைவர் வண்டியை நிறுத்தினார். கண்டக்டர் இறங்கிப் போய்க் கும்பிட்டு, எல்லோருக்கும் பிரசாதம் கொண்டுவந்தார். சாலை வெட்டும்போது உயிரிழந்த தொழிலாளர்களின் நினைவோடு அந்தக் கோயிலைச் சேர்த்துச் சொல்கிறார்கள். இந்தச் சாலைகளில் உயிரிழப்பு பழங்கதை இல்லை. 2021 ஆகஸ்ட் 11 அன்று இதே சாலையில் நிகுல்சாரி அருகே மலை சரிந்து ஒரு பேருந்தையும் வேறு சில வாகனங்களையும் புதைத்தது. 28 பேர் இறந்தார்கள். அந்த இடத்தைக் கடக்கும்போது பேருந்துக்குள் பேச்சு நின்றது. என் பக்கத்தில் அமர்ந்திருந்த பெண் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உதடசைத்து ஏதோ சொன்னார். நானும் கைகூப்பிக்கொண்டேன்.

இனி அந்தக் காலை ஏழு மணிப் பேருந்து.

பியோவிலிருந்து காஸா ஏறத்தாழ 200 கிலோமீட்டர். தடை ஏதும் இல்லாத நாளில் பத்து முதல் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். முதல் இரண்டு மணி நேரம் ஆப்பிள் தோட்டங்களும், சில்கோசா பைன் மரங்களும் கூடவே வருகின்றன. செப்டம்பர் தொடக்கம் என்பதால் ஆப்பிள் ஏற்றும் பிக்கப் வண்டிகள் எதிரே வந்துகொண்டே இருந்தன. இரண்டு வண்டிகள் ஒதுங்க முடியாத இடத்தில் நேருக்கு நேர் வந்துவிட்டால், இறங்குபவர் பின்வாங்கி ஏறுபவருக்கு வழிவிட வேண்டும் என்பது மலைச்சாலையின் பொது முறை. ஆனால் எங்கள் டிரைவர் பல இடங்களில் தானே பேருந்தைப் பின்னெடுத்தார். அப்போதெல்லாம் கண்டக்டர் விசிலோடு கீழே குதித்துப் பின்சக்கரத்தின் அருகே நிற்பார். குட்டை விசில்களாகத் தொடர்ந்து ஊதிக்கொண்டிருந்தால் வரலாம். நீளமாக ஒன்று ஊதினால் அந்த நொடியே நிற்க வேண்டும். நான் கடைசி வரிசைக்கு முந்தைய சன்னலில் இருந்தேன். ஒருமுறை நீள விசில் வந்து வண்டி நின்றபோது கீழே பார்த்தேன்: பின்சக்கரத்தின் வெளிவிளிம்புக்கும் சாலை உடைந்து சரியத் தொடங்கும் இடத்துக்கும் நடுவே ஒரு முழம் இருந்திருக்கும். அந்த ஒரு முழத்தில் கண்டக்டர் நின்றுகொண்டிருந்தார்.

காப் என்ற இடத்தில் ஸ்பிதி ஆறு சட்லஜில் வந்து கலக்கிறது. அங்கே பாலத்தைத் தாண்டியதும் நிலம் முற்றிலும் மாறிவிடுகிறது. பருவமழை மேகங்கள் தாண்டி வராத மழைமறைவுப் பகுதி அது. மரம் என்று சொல்ல ஏதுமில்லை; காவியும் சாம்பலும் ஊதாவுமான வெற்று மலைகள் மட்டும். அந்த நிறங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் அதே வெறுமைதான் சாலைக்கு எமன். பனியாறுகள் விட்டுச்சென்ற சரளையும் களிமண்ணும் சேர்ந்த மேடுகளைப் பிடித்து நிறுத்துவதற்கு வேர்களே இல்லை. பகலில் உருகும் பனிநீர் உள்ளே இறங்குகிறது. இரவில் உறைந்து விரிசலை அகலமாக்குகிறது. மறுநாள் வெயிலில் பிடி தளர்ந்து கல் உருள்கிறது. ஒரு தூறல் விழுந்தாலும் போதும், சரிவு முழுவதும் நகரத் தொடங்கிவிடும்.

நாக்கோ ஊரைத் தாண்டியதும் வரும் மலிங் நாலா இந்த வழியில் எல்லோரும் அஞ்சும் இடம். ‘நாலா’ என்றால் ஓடை. அங்கே முன்னிரவு மழையில் மலை சரிந்து, சாலையின் மேல் நூறு அடி அகலத்துக்குச் சேறும் கல்லுமாகக் கிடந்தது. எல்லைச் சாலை அமைப்பின் ஜேசிபி ஒரு புறத்திலிருந்து அள்ளிக்கொண்டிருந்தது. அள்ள அள்ள மேலிருந்து வந்துகொண்டிருந்தது. எங்களுக்கு முன் பதினைந்து வண்டிகள். மறுபுறத்தில் காஸாவிலிருந்து பியோ நோக்கி வந்த பேருந்தும் நின்றிருப்பது தெரிந்தது. நம் டிரைவர் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து கண்டக்டரிடம் ஒரே சொல்லைச் சொன்னார்: “ட்ரான்ஷிப்மென்ட்.” பேருந்து முழுக்க அந்தச் சொல் பரவியது, எல்லோரும் எழுந்து மூட்டைகளைத் தேடத் தொடங்கினார்கள். விளக்கம் கேட்டவள் நான் ஒருத்திதான். இரு பேருந்துகளும் தத்தம் பயணிகளை மாற்றிக்கொள்ளும். நாங்கள் சரிவை நடந்து கடந்து அந்தப் பேருந்தில் ஏறிக்கொள்ள வேண்டும். அவர்கள் இந்தப் பேருந்துக்கு வருவார்கள். இரண்டு வண்டிகளும் வந்த வழியே திரும்பிப் போகும். கையிலிருக்கும் டிக்கெட் அப்படியே செல்லும்.

கூரையிலிருந்து சுமைகள் இறங்கியபோது, எது யாருடையது என்ற கேள்வி மறைந்துவிட்டது. விடுமுறை முடிந்து பணிக்குத் திரும்பும் படைவீரர் ஒருவர் காலிஃபிளவர் மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டார். கல்லூரி மாணவர்கள் இருவர் மெத்தையை ஆளுக்கொரு முனையாகப் பிடித்தார்கள். எனக்கு நோட்டுப் புத்தகக் கட்டு ஒன்று வந்து சேர்ந்தது. கண்டக்டர் கடைசியாகத் தகரப் பெட்டியைத் திறந்து, அதில் இருந்த பொட்டலங்களையெல்லாம் ஒரு துணிப்பையில் போட்டுத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

சரிவின் விளிம்பில் சிவப்புக் கொடியோடு ஒருவர் நின்றிருந்தார். ஜார்க்கண்டின் தும்கா பக்கத்திலிருந்து வந்தவர். இந்தச் சாலைகளைப் போடுபவர்களில் பலர் அந்த ஊர்க்காரர்களும் நேபாளிகளும்தான். அவர் எங்களைப் பார்க்கவே இல்லை. தலையை அண்ணாந்து மலை உச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து ஐந்து பேராக அனுப்பினார். “நிற்காதீர்கள், குனியாதீர்கள், செருப்பு கழன்றாலும் விட்டுவிட்டுப் போங்கள்” என்று ஒவ்வொரு ஐவரிடமும் அதே மூன்று சொற்றொடர்களைச் சொன்னார். எங்கள் முறை வந்து பாதி தூரம் போனபோது பின்னாலிருந்து விசில் கேட்டது. மேலே கூழாங்கற்கள் கொட்டும் ஓசை, அரிசி மூட்டையைச் சாய்த்தது போல. எனக்கு முன்னால் போன படைவீரர் திரும்பிப் பார்க்காமலேயே என் மணிக்கட்டைப் பற்றி இழுத்துக்கொண்டு ஓடினார். பத்துப் பன்னிரண்டு எட்டுகள் இருக்கும். சேறு கணுக்கால்வரை ஏறியது. மறுகரையில் நின்று திரும்பிப் பார்த்தபோது, நாங்கள் நடந்த தடத்தின் மேல் இளநீர் அளவுக் கற்கள் நான்கைந்து புதிதாகக் கிடந்தன. என் கைகளில் நோட்டுக் கட்டு அப்படியே இருந்தது. ஆனால் விரல்களை அதிலிருந்து பிரிப்பதற்கு நேரம் பிடித்தது.

அந்தப் பக்கம் இரண்டு கண்டக்டர்களும் ஒரு பாறையின் மேல் டிக்கெட் கணக்கைச் சரிபார்த்தார்கள். பிறகு துணிப்பை கைமாறியது. ஒவ்வொரு பொட்டலத்தையும் எடுத்து, எங்கே, யாரிடம் என்று எங்கள் கண்டக்டர் சொல்ல, மற்றவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். ஒன்றைக்கூட எழுதிக்கொள்ளவில்லை. புதிய பேருந்து திரும்புவதற்கு இடமில்லாததால், ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர் தூரம் விசிலின் துணையோடு பின்னோக்கியே போனது.

சும்தோ சோதனைச் சாவடியைத் தாண்டிச் சிறிது நேரத்தில், வீடென்று ஒன்றுகூடக் கண்ணுக்குத் தெரியாத ஒரு வளைவில் பேருந்து நின்றது. டிரைவர் ஹாரனை மூன்று முறை அடித்தார். பட்டாணி வயல்களுக்கு நடுவிலிருந்து பள்ளிச் சீருடையில் ஒரு சிறுமி ஓடி வந்தாள். காலையில் பியோவில் கொடுத்த மருந்துப் பொட்டலம் சன்னல் வழியாக அவள் கைக்குப் போனது. அதைக் கொண்டுவந்து கொடுத்த டிரைவர், அதைக் கொடுத்தனுப்பிய முதியவரைப் பார்த்ததே இல்லை. அவள் “ஜூலே” என்றாள்; வணக்கத்துக்கும் நன்றிக்கும் அங்கே அதுதான் சொல். பேருந்தில் பாதிப் பேர் “ஜூலே” என்றார்கள். வண்டி புறப்பட்டது.

நான் அன்றிரவு தாபோவில் இறங்கினேன். கி.பி. 996இல் கட்டப்பட்ட மண் மடாலயம் அங்கே இருக்கிறது. ஆயிரமாண்டு நிறைவுக்கு 1996இல் தலாய் லாமா வந்து காலச்சக்கர வழிபாடு நடத்தினார். மறுநாள் காலை உள்ளே போய், இருட்டில் டார்ச் ஒளியில் சுவரோவியங்களைப் பார்த்தேன். அவற்றைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும். இங்கே இரண்டு வரியில் அடக்கினால் அவற்றுக்கு நியாயம் செய்ததாகாது. தாபோவிலிருந்து காஸா போகும் வழியில், ஸ்பிதியின் பழைய தலைநகரான தங்கர், ஆறு அரித்த மண்தூண்களின் உச்சியில் இருப்பதைக் கீழிருந்தே பார்த்துக்கொண்டேன்.

காஸா பேருந்து நிலையத்தில்தான் எனக்கு ஒரு பாடம் காத்திருந்தது. ‘பின்’ (Pin) என்ற ஆற்றின் பள்ளத்தாக்கில் சாலை முடியும் ஊரான மூத்துக்குக் காலையில் போய் மாலையில் திரும்பலாம் என்று நினைத்திருந்தேன். அப்படி ஒரு பேருந்தே இல்லை. பேருந்து பிற்பகலில் காஸாவிலிருந்து புறப்படுகிறது. இரவு மூத்திலேயே நிற்கிறது. விடியற்காலையில் அங்கிருந்து காஸாவுக்கு வருகிறது. கிப்பர் போகும் பேருந்தும் அப்படித்தான். முதலில் இது வசதிக் குறைவாகத் தோன்றியது. டிக்கெட் கொடுக்குமிடத்தில் இருந்தவர் பொறுமையாகச் சொன்னார்: “தீதி (அக்கா), ஊர்க்காரர்கள் காலையில் ஆஸ்பத்திரிக்கும் பேங்குக்கும் தாசில் ஆபீசுக்கும் வர வேண்டும், வேலை முடிந்து மாலையில் வீட்டுக்குப் போக வேண்டும். பேருந்து அவர்கள் ஊரில்தான் தூங்கும்.” அந்தக் கடைசி வாக்கியம் எனக்கு நிரம்பப் பிடித்திருந்தது. அதற்குப் பிறகு என் திட்டங்களையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு, அட்டவணை எப்படிச் சொல்கிறதோ அப்படி நடந்துகொண்டேன். மாலைப் பேருந்தில் ஏறினால் அந்த ஊரில் ஓர் இரவு தங்குவதைத் தவிர வேறு வழியில்லை. காரில் வருபவர்கள் அரை மணி நேரம் பார்த்துவிட்டுப் போகும் ஊர்களில் எனக்கு ஊருக்கு ஓர் இரவு கிடைத்தது அப்படித்தான்.

மூத்தில் நான் தங்கிய வீட்டில், நடு அறையில் இருந்த தகர அடுப்பைச் சுற்றியே எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். எரிபொருளாக வறட்டியும் குச்சிகளும். அந்த வீட்டுப் பாட்டி வறுத்த பார்லி மாவை வெண்ணெய்த் தேநீரில் குழைத்து உருட்டிக் கொடுத்தார். உப்பும் வெண்ணெயும் சேர்ந்த அந்தத் தேநீர் முதல் மடக்கில் விளங்காது, மூன்றாவது கிண்ணத்தில் உடம்பு தானாகக் கேட்கும். பாட்டி பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். ஸ்பிதியில் இப்போது கைக்குக் காசு கொடுக்கும் பயிர் பச்சைப் பட்டாணிதான். மற்ற இடங்களில் பட்டாணி முடிந்த பிறகு இங்கே விளைவதால், சமவெளிச் சந்தைகளில் இதற்கு நல்ல விலை கிடைக்கிறது. அவருடைய மூக்குக் கண்ணாடியின் ஒரு கால் முறிந்து, அதற்குப் பதிலாகக் கம்பளி நூலைக் காதில் சுற்றியிருந்தார். குனிந்து நிமிரும்போதெல்லாம் கண்ணாடி சரிய, புறங்கையால் மேலேற்றிக்கொண்டார். பக்கத்து அறையில் பேருந்தின் டிரைவரும் கண்டக்டரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். விடியற்காலையில் அந்தப் பேருந்தில் பதினோரு பேர் ஏறினார்கள். எட்டு மாதக் கர்ப்பிணி ஒருவர் பரிசோதனைக்காக வந்தார்; அவருக்கு முன் வரிசை இருக்கையை யாரும் சொல்லாமலே விட்டுவைத்திருந்தார்கள்.

காஸாவுக்குப் போகிறவர்களுக்கு நடைமுறைக் குறிப்பாக இரண்டைச் சொல்லிவிடுகிறேன். பணத்தைக் கையில் வைத்திருங்கள். ஊர்களில் இணையம் எப்போது வேண்டுமானாலும் போகும், அதை நம்பித் தங்குமிடத்துக்குப் போகக்கூடாது. திரும்பும் ரயிலுக்கு முன்பதிவு செய்யும்போது குறைந்தது மூன்று நாள் இடைவெளி விடுங்கள். சரிவு ஏற்பட்டால் சாலை திறக்கும்வரை காத்திருப்பதைத் தவிர யாராலும் எதுவும் செய்ய இயலாது. அவசரப்படுபவர்கள்தாம் கொடிக்காரர் சொல்வதைக் கேட்காமல் ஓடிப்போகிறார்கள்.

காஸாவிலிருந்து மனாலிப் பக்கம் போகும் பேருந்து, குன்சும் கணவாய் திறந்திருக்கும் கோடை மாதங்களில் மட்டும் ஓடுகிறது. பெரும்பாலும் ஜூன் மாதத்தில் திறந்து, அக்டோபர் இறுதியையொட்டிப் பனியில் மூடிவிடும். அது விடிவதற்கு வெகுமுன்பே புறப்படுவதைப் பார்த்து, நீண்ட வழி என்பதால்தான் என்று எண்ணியிருந்தேன். லோசார் ஊரில் தேநீருக்காக நின்றபோது டிரைவரிடம் கேட்டேன். அவர் கைக்கடிகாரத்தைக் காட்டி, “பன்னிரண்டு மணிக்குள் நாலாக்களைத் தாண்டிவிட வேண்டும்” என்றார். கணவாயைத் தாண்டியபின் வரும் பாத்தலுக்கும் கிராம்ஃபூவுக்கும் இடையே ஐம்பது கிலோமீட்டரை ஒட்டிய தொலைவில், பல ஓடைகள் பாலமில்லாமல் சாலையின் மேலேயே ஓடுகின்றன. அவற்றில் வருவது பனியாற்று நீர். இரவுக் குளிரில் உருகுவது குறைவதால் விடியலில் ஓடையில் முழங்காலளவுக்கும் கீழேதான் நீர் இருக்கும். வெயில் ஏற ஏற மேலே பனி உருகி, அந்த நீர் கீழே வந்து சேரும்போது பிற்பகலாகிவிடும். அப்போது அதே ஓடை காரைப் புரட்டிப் போடும். புறப்படும் நேரத்தை அலுவலகத்தில் யாரோ தீர்மானித்தார்கள் என்று நினைத்திருந்தேன். அதை எழுதியவை ஓடைகள்.

குன்சும் உச்சியில் வழிபாட்டுக் கொடிகள் காற்றில் அடித்துக்கொண்டிருந்தன. டிரைவர் நேரே போகவில்லை. சாலையை விட்டு விலகி, குன்சும் தேவி கோயிலையும் ஸ்தூபங்களையும் வலமாகப் பேருந்தோடு ஒரு முறை சுற்றிவந்தார். உள்ளே முப்பது பேரும் அமைதியாகக் கைகூப்பியிருந்தோம். நம் ஊரில் புது வண்டியைக் கோயிலுக்குக் கொண்டுபோய் எலுமிச்சம்பழம் நசுக்குவோம், ஒரு நாளோடு முடிந்துவிடும். இங்கே ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு நடையிலும் பேருந்தே வலம் வருகிறது.

இறக்கத்தில் சந்திரா ஆற்றின் பாலத்தருகே பாத்தல். கற்களை அடுக்கிக் கட்டிய டாபாவில் தாலும் சோறும். அதற்குப் பிறகு வருவது சாலையே இல்லை. ஆற்றங்கரைப் பாறைகளின் மேல் பேருந்து ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. வழியில் ‘கத்தி’ (Gaddi) என்னும் இடையர் சமூகத்தினரின் ஆட்டுமந்தை ஒன்று எதிர்ப்பட்டது. கோடை மேய்ச்சல் முடிந்து கீழே திரும்புபவர்கள். நூற்றுக்கணக்கான ஆடுகள் பேருந்தின் இரு பக்கமும் வழிந்தோட இருபது நிமிடம் நின்றோம். டிரைவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார், ஆனால் ஹாரன் அடிக்கவில்லை. அந்த இருபது நிமிடத்தின் விலை அடுத்த ஓடையில் தெரிந்தது. நீர் ஏறத் தொடங்கியிருந்தது. கண்டக்டர் பேண்டைச் சுருட்டிவிட்டு இறங்கி, ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு எதிர்க்கரைவரை நடந்தார். கம்பு எங்கே ஆழமாக இறங்கியதோ அங்கே நின்று கையை இடப்பக்கம் அசைத்தார். உறைநீரில் தொடைவரை நனைந்து நின்ற அவர் உதடுகள் நீலம் பாய்ந்திருந்தன. பேருந்து அவர் காட்டிய வழியில் மெதுவாக, நிற்காமல் ஏறியது. தரைப்பலகையின் இடுக்கு வழியாக நீர் உள்ளே பீச்சியடித்தது. கரையேறியதும் படைவீரர் அணியும் கம்பளிச் சாக்ஸ் ஒன்றை யாரோ பின்னாலிருந்து கண்டக்டருக்குக் கொடுத்தார்கள்.

கிராம்ஃபூ, கோக்சர் தாண்டி, ரோஹ்தாங் கணவாய்க்கு அடியில் 2020 அக்டோபரில் திறக்கப்பட்ட அடல் சுரங்கப்பாதைக்குள் நுழைந்தோம். அதன் நீளம் 9.02 கிலோமீட்டர். உள்ளே போகும்போது வெளியே வெயில், புழுதி, வெறும் பாறை. பத்துப் பதினைந்து நிமிடத்தில் மறுபுறம் வந்தபோது தூறல். தேவதாரு மரங்கள் இருட்டிக்கொண்டு நின்றன. சன்னல் கண்ணாடிகளெல்லாம் ஒரே மூச்சில் பனிப்புகை படிந்தன. லோசாரில் ஏறிய பெண் என் பக்கத்திலிருந்து எட்டி, சன்னலுக்கு வெளியே கையை நீட்டி மழையைத் தொட்டுப் பார்த்தார்.

மனாலியில் இரண்டு நாள் தங்கினேன். கடைத்தெருவில் ஒரு கடையில் படிப்பதற்கான கண்ணாடி இரண்டு வாங்கினேன், எந்தப் பவர் பொருந்தும் என்று தெரியாததால் இரு விதமாக. மறுநாள் காஸா பேருந்தின் கண்டக்டரிடம் கொடுத்து, மூத், பாட்டியின் வீடு, பேருந்துக்காரர்கள் சாப்பிடும் வீடு என்று இரண்டு முறை சொன்னேன். அவர் எழுதிக்கொள்ளவில்லை. அதை வாங்கி, டிரைவர் இருக்கைக்குப் பின்னால் இருந்த பெட்டியில் வைத்தார்.

நான்காம் நாள், சேலம் நோக்கிய ரயிலில் இருந்தபோது அந்த வீட்டுப் பெண் அழைத்தார். மாலைப் பேருந்தில் பொட்டலம் வந்ததாம். இரண்டில் தடித்த கண்ணாடிதான் பொருந்துகிறதாம். மற்றதைப் பக்கத்து வீட்டுத் தாத்தா போட்டுக்கொண்டாராம். பின்னணியில் பட்டாணி உரிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.